இரண்டு ஓட்டைகள்

"இந்தக் கம்பி யாரோட யோசனைங்க?"

கேட்டவர் வானதி. தஞ்சாவூரில் நடந்த புதுக் கண்டுபிடிப்புப் போட்டிக்கு நடுவராக வந்திருந்த இன்ஜினியர்.

"என்னோடதுதாங்க," என்றான் ஆண்டனி.

இப்படிச் சொல்ல அவன் ஏழு வருஷம் காத்திருந்தான். பேராவூரணியில் அவனுக்குப் பெயரே காப்பி ஆண்டனி. சீனாவிலிருந்து தேங்காய் மட்டை உரிக்கும் மிஷின் ஒன்றை வரவழைத்து, அச்சு அசலாக அதைப் போலவே நாற்பது செய்து விற்றவன். இந்தப் பரிசு மட்டும் கிடைத்துவிட்டால் அந்தப் பெயர் இன்றோடு ஒழிந்துவிடும்.

"மட்டை உரிக்கிற உருளைகிட்ட கை போனா முதல்ல இந்தக் கம்பியிலதான் படும். பட்டதும் மிஷின் நின்னுடுங்க."

"எப்படித் தோணுச்சு?"

ஆண்டனி பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தான். சவரியம்மாள் வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். போன வருஷம் பட்டறையில் காய் வைக்கும்போது உருளை இழுத்துக்கொண்டது. நாலு விரல் போயிற்று. அன்றைக்கு ஆண்டனி அழுத அழுகையைப் பட்டறையே பார்த்தது.

"இவ கைக்காகச் செஞ்சதுங்க," என்றான்.

வானதி குனிந்து பார்த்தார். "கம்பியை மாட்டியிருக்கிற இந்த ரெண்டு ஓட்டையும் புதுசா போட்டதா?"

"இல்லீங்க, எல்லா மிஷின்லயும் உண்டு. சீனா மிஷின்ல இருந்துச்சு, அதனால நாங்களும் போட்டோம். எதுக்குன்னு தெரியாது. இப்ப கம்பியை வெச்சா அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துச்சு."

வானதி செல்போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து நீட்டினார். ஆண்டனி வாங்கிய அதே சீன மிஷின். அதே ரெண்டு ஓட்டை. அவற்றில் மஞ்சள் பெயின்ட் அடித்த கம்பி ஒன்று மாட்டியிருந்தது.

"கை மாட்டாம இருக்கத்தான் அவங்க இதை வெச்சு அனுப்புறாங்க. உங்களுக்கு வரலையா?"

ஆண்டனியின் தோளுக்கு மேலே எட்டிப் படத்தைப் பார்த்தாள் சவரியம்மாள்.

"வந்துச்சுங்க," என்றாள். "பெட்டியில தனியா வந்துச்சு. எங்க மாட்டுறதுன்னு யாருக்கும் தெரியல, அது இல்லாமலே மிஷின் ஓடிச்சு. வீணாப் போகவேணாம்னு எங்க கோழிக்கூண்டுக்குத் தாழ்ப்பாளா இவருதான் போட்டுக் குடுத்தாரு. தினமும் நான்தான் திறந்து மூடறேன், இந்த இடது கையால."