செந்தூரானின் உயரம்

செந்தூரான் காவல் நிலைய அறையில் தூக்குப் போட்டுச் செத்தான் என்றது போலீஸ். அந்த அறையைச் சோதிக்க மனித உரிமை ஆணையத்தின் நீதிபதி தேவநேசன் வந்தார். அவருக்குக் கண் தெரியாது.

"இவரு என்னத்தப் பாக்கப் போறாரு" என்று ஏட்டு முணுமுணுத்தார்.

"காது நல்லா கேக்கும் ஏட்டய்யா" என்ற தேவநேசன், ஆய்வாளரின் குரல் இருந்த பக்கம் திரும்பினார். "எதுல தொங்குனான்?"

"ஜன்னலோட மேல்கம்பியிலங்கய்யா. கால் தரையிலயே படல."

செந்தூரானின் தாய் முத்தக்காளை அருகே அழைத்தார். "பையன் எவ்வளவு உயரம்மா?"

"என் தலைக்கு மேல ஒரு சாண் வச்சுப் பாருங்கய்யா."

அவள் தலைமேல் வலது கையால் சாண் வைத்தார். அந்த உயரத்தில் உள்ளங்கையைத் தரையை நோக்கி விரித்து, இறக்காமலே சுவர்வரை நடந்தார். இடது கையால் ஜன்னலைத் தடவினார். மேல்கம்பி அவருடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது. அதற்கு மேல் வெறும் சுவர்.

"எழுதுங்க" என்றார் தன் எழுத்தரிடம். "கம்பி இங்க இருக்கு. பையன் தலை இங்க இருக்கு."

எழுத்தர் ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தார். பேனா அசையவில்லை.

"கை வலிக்கும், இறக்கிருங்கய்யா. ஆபீஸ்ல உக்காந்து எழுதிக்கலாம்" என்றார் ஆய்வாளர்.

"எழுதட்டும், இறக்குறேன்."

தேவநேசன் கையை அங்கேயே வைத்திருந்தார். முத்தக்காள் மெல்ல நடந்து வந்தாள். அந்த உள்ளங்கைக்குக் கீழே ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, பக்கத்தில் நின்றுகொண்டாள்.