மாமன் கொடுத்த நடைவண்டி

"துணிமணியைக் கட்டு ருக்கு. இன்னிக்கே கிளம்பு. இவன் கூட நீ வாழ்ந்தது போதும்."

ஃபெரிப் படகிலிருந்து இறங்கிய கையோடு ரிக்‌ஷா பிடித்து வந்திருந்தார் சுப்பையா. பினாங்குக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், கப்பல் பட்டறை வேலை. தங்கை ஆள் விட்டுச் சொல்லியனுப்பிய சேதி அவரைப் பாதி வேலையில் கிளப்பிவிட்டது.

ருக்குமணி மாசமாக இருந்தாள். அழக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"பாப்பாவைப் புதைச்ச மண்ணு இன்னும் காயலைண்ணே. அதுக்குள்ள நடைவண்டியைப் போட்டுச் சுரண்டுறாரு."

"எதுக்கு?"

"கேட்டா வாயைத் திறந்தாத்தானே? பிடியில பாப்பா கடிச்சுக் கடிச்சுப் பல்லு பதிஞ்சிருக்கும்ல, அதையெல்லாம் வழிச்சுத் தள்ளிட்டாரு. எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான். கிட்டப் போனா நாயை விரட்டுற மாதிரி விரட்டுறாரு."

சுப்பையாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறாதா பின்னே? அந்த வண்டி தாய்மாமன் சீர். சீனத் தச்சனிடம் சொல்லிச் செய்து, சக்கரம் ஓடுகிறதா என்று தானே உருட்டிப் பார்த்துக் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை முதலடி வைத்த அன்று, ஃபெரியில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட அதைச் சொல்லிப் பூரித்தவர் அவர். பிள்ளைதான் ஜன்னி கண்டு போய்விட்டது. வண்டியாவது இருக்கட்டும் என்றால், அதற்கும் உலை வைக்கிறானா இவன்?

சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் பின்கட்டுக்குப் போனார்.

சாக்கடையோரம் குந்தியிருந்தான் வேலு. டிராம் கொட்டகை வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, கண்ணாடிச் சில்லால் வண்டியின் பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வழித்தது எல்லாம் ஒரு தகர டப்பாவில் சேர்ந்திருந்தது. சக்கரங்களுக்கு உப்புத்தாள் போட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மேலுக்கு மேல் பூசி முடித்திருந்தான். தடவினால் விரல் வழுக்கும் போல இருந்தன.

"உன்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட வாய் வரலை," என்றார் சுப்பையா. "அழகு பண்ணி யாருக்குடா விக்கப் போறே?"

"விக்கலை மச்சான்." வேலு துண்டை இறக்கினான். "பொறக்கப்போற பிள்ளைக்கும் இதே வண்டிதான்னு ருக்கு பிடிவாதமா இருக்கா. அடுப்புல வைக்கத் தூக்கினேன். கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கத்துனா. எனக்கு வேற வழி தெரியலை."

"அடுப்புலயா!"

எட்டி அவன் சட்டையைப் பிடித்துவிட்டார் சுப்பையா. "நான் குடுத்த வண்டி உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?"

"விடுங்க மச்சான். அவளைக் கூட்டிட்டுப் போங்க. அங்கயாச்சும் ரெண்டு வாய் சாப்பிடுவா. நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்."

"பேச்சை மாத்தாதே. சொல்லுடா!"

வேலு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். குரலைத் தணித்தான்.

"கடைசி அன்னிக்கு டாக்டர் பாப்பா உதட்டை விலக்கிக் காட்டினாரு. ஈறு ஓரமா நீலமா ஒரு கோடு. சாயம் அடிச்ச எதையாச்சும் கடிக்குமான்னு கேட்டாரு. நடைவண்டியைக் கடிக்கும்னேன். அது என்ன சாயம்னு கேட்டாரு."

"என்ன சாயம்னா? சிவப்பு."

"கப்பல்ல துரு ஏறாம அடிக்கிற ஈயச் சிவப்பு மச்சான். அது விஷமாம். ஜன்னி வந்ததே அதுலதானாம்."

சுப்பையாவின் கை தானாகச் சட்டையை விட்டது.

இந்த வீட்டுக்குள் அந்தச் சாயம் வர ஒரே வழிதான் இருந்தது. பட்டறையில் மிஞ்சியதைக் கெஞ்சி வாங்கி வந்து, இதே சாக்கடையோரம் உட்கார்ந்து, தன் கையாலேயே பூசி, "பினாங்கு முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு சிவப்பு கிடைக்காது" என்று மார்தட்டியவர் அவரேதான்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ருக்குவுக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றது மச்சான்?" வேலு சில்லை மறுபடி கையில் எடுத்தான். "இந்தச் சீமையில அவளுக்குன்னு பிறந்த வீடு நீங்க ஒருத்தர்தான். பிள்ளையைத்தான் பறிகொடுத்துட்டா. அண்ணனையும் பறிகொடுக்கணுமா?"

சுப்பையாவுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

பின்கட்டுக் கதவருகே ருக்குமணி வந்து நின்றாள். மூட்டை எதுவும் கட்டியிருக்கவில்லை. அண்ணன் அதட்டியதில் புருஷன் வழிக்கு வந்துவிட்டான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"அண்ணே, நீங்க சொன்னா அவர் கேட்பாரு. இந்த அரக்குப் பூச்செல்லாம் வேணாம்ணே. பாப்பாவுக்கு அடிச்சுக் குடுத்தீங்களே, அதே சிவப்பை இந்தப் பிள்ளைக்கும் உங்க கையாலயே அடிச்சுக் குடுங்கண்ணே."