கூடையில் மினுங்கிய போன்

அந்த டியூஷன் வீட்டு வாசலில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் கூடையில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மிஸ் போட்ட சட்டம்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு நறுமுகையின் போன் கூடைக்குள் தானாக மினுங்கியது. அவளுடைய செருப்புக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"யார்கிட்ட பேசற?"

"பேசல. அவ இங்க வந்து சேர்ந்ததைச் சொன்னேன்."

"யாருக்கு?"

"கேக்கறவங்களுக்கு."

"அவகிட்ட கேட்டியா?"

"போன மாசம் ஒரு கேம் இறக்கினாளே, அப்பவே கேட்டாச்சு. படிச்சுக்கூடப் பாக்காம ஓகேன்னு அழுத்திட்டா."

செருப்புக்கு மனசு ஆறவில்லை. "குறுக்குச் சந்து வழியா அவ தனியா வீட்டுக்குப் போறதையுமா சொல்ற?"

"தினமும். எத்தனை மணிக்குன்னும் சொல்லுவேன்."

செருப்பு முறைத்தது. போனுக்குக் கோபம் வந்தது. "நீ மட்டும் என்ன யோக்கியம்? அந்தச் சந்துச் சேத்துல அவ போன தடத்தைப் பதிச்சு வைக்கறது நீதானே?"

"பதிக்கறேன். ஒரு மழை பெஞ்சா அழிஞ்சு போயிடும்."

உள்ளே பாடம் முடிந்து பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. போன் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"நான் பதிக்கற இடத்துல மழையே பெய்யாது."