மகத்தான குறுக்கு விசாரணை

கொடைக்கானலின் நீதி வரலாற்றிலேயே மகத்தான குறுக்கு விசாரணை அன்று காலை தொடங்கியது. பெருமாள்மலை வக்கீல் ஜெயமுருகன் கர்ஜித்ததில் நர்ஸ் மகாராணி ஓரடி பின்வாங்கினாள். இவர் நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுத்ததால் வேலையை இழந்த நர்ஸுகள் உண்டு.

“என் கட்சிக்காரரின் கைகளைக் கட்டிலோடு கட்டியது நீதானே?”

“ஆமாங்கய்யா. டிரிப் ஊசியப் பிடுங்கப் பாத்ததாலதாங்க.”

“யார் கொடுத்த அதிகாரம்?”

“டாக்டர் எழுதிக் குடுத்தாருங்க. இறுக்காமத்தான் கட்டுனேன். வெரல் மரத்துப் போகுதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தேங்க.”

“குடும்பத்தாரின் சம்மதம்? பேசம்மா! உன் நர்ஸ் பதிவையே ரத்து செய்ய வைக்கிறேன்!”

மகாராணி வாய் திறப்பதற்குள் வக்கீலின் மனைவி கந்தம்மாள் குறுக்கே புகுந்தாள்.

“டாக்டர்கிட்டக் கையெழுத்துப் போட்டதே நான்தாங்க. குடலிறக்க ஆபரேஷன் மயக்கம் தெளியுற மட்டும் பேசாமக் கெடங்க!”

“ஆட்சேபணை!” என்று எழப் பார்த்த வக்கீலைக் கைக்கட்டு மறுபடி தலையணையில் சாய்த்தது.

மனைவியின் கையெழுத்தை எதிர்த்து வழக்காடும் துணிச்சல், மயக்கம் தெளிந்தாலும் அவருக்கு வராது. மகாராணிக்குப் போன உயிர் திரும்பியது.

விசாரணை முழுக்க, வக்கீல் உதைத்துத் தள்ளிய வேட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது.