வயர்லெஸ்ஸில் ஒரு பெண்

வயர்லெஸ்ஸில் மறுபடியும் அந்தப் பெண் கத்தினாள். என்ன பாஷையோ, படகுச் சங்கத்து அறையில் கூடியிருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. அழுகை மட்டும் விளங்கியது.

"அகதிப் படகுதான், சந்தேகமே வேண்டாம்," என்றார் ஐஸ் ஃபேக்டரிக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

படகுகளோடு பேசச் சங்கம் சம்பளத்துக்கு வைத்திருந்த வயர்லெஸ் அக்காவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரே ஒரு படகை அனுப்பிப் பார்க்கலாமே என்று சங்கத் தலைவரிடம் கெஞ்சினாள்.

தலைவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. போன வருஷம் இப்படித் தத்தளித்தவர்களைக் கரைசேர்த்து, கம்பளி வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அதற்குக் கிடைத்த பரிசு, ஆள் கடத்தினார் என்று ஒரு வழக்கு. அவருடைய படகு இன்னும் போலீஸ் காவலில் துருப்பிடித்துக் கொண்டிருக்கிறது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. வேலை போய்விடும், வாடகை ஏறிவிடும், வியாதி பரவும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இனி யாரையும் ஏற்றுவதில்லை என்று சங்கத்தில் முடிவானபோது முதலில் கை தூக்கியவரும் தலைவர்தான்.

"என் பையன் இப்பதான் சொந்தமாப் படகு எடுத்திருக்கான். நாளைக்கு அவனும் என்னை மாதிரி கோர்ட்டுக்கு அலையணுமா?" என்றார்.

"அது சரிங்க தலைவரே. ஆனா இது நம்ம சங்கத்துச் சேனல். நம்ம படகுங்களைத் தவிர வேற யாருக்கும் தெரியாது. இவங்க எப்படி இதுல வர்றாங்க?" என்றாள் வயர்லெஸ் அக்கா.

தலைவர் யோசித்து வாய் திறக்கும் முன்பே ஐஸ் ஃபேக்டரிக்காரர் முந்திக்கொண்டார்.

"எல்லாத்தையும் விசாரிச்சுக்கிட்டுத்தானே கிளம்புறாங்க."

அந்தப் பதில் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. வசதியான பதிலை யார் கிளறிப் பார்ப்பார்கள்? கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார் தலைவர். அவர்கள் பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும்.

பிறகு அவரே எழுந்துபோய் வயர்லெஸ்ஸின் சத்தத்தைக் குறைத்தார். "கேட்டுக்கிட்டே இருந்தா மனசு தாங்காது," என்றார். வயர்லெஸ் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் ஏறியபின் காவல் படை அதிகாரி நனைந்த உடுப்போடு உள்ளே வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் தலைவர், அந்த ஆட்களை இங்கே இறக்க விடமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"அவங்க எல்லாரும் உயிரோட இருக்காங்க," என்றார் அதிகாரி. "அவங்க படகு கவிழ்ந்திருக்கு. அந்தப் பக்கம் தனியா மீன்பிடிக்கப் போன ஒருத்தர் அவங்களைத் தன் படகுல தூக்கி ஏத்தியிருக்கார். ஏத்தும்போது அவர் கை வலை இழுக்கிற வின்ச்சுல சிக்கி நசுங்கிடுச்சு."

அதிகாரி முகத்தில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் மயங்கிட்டார். அவங்கள்ல யாருக்கும் படகு ஓட்டத் தெரியல. அந்தம்மா ஒரு கையால காயத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால மைக்கைப் பிடிச்சுக் கத்தியிருக்கா. கொஞ்சம் முன்னாடி யாராவது போயிருந்தா பிழைச்சிருப்பார்."

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். தலைவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ கூப்பிட்டது உங்க மகனுக்காக."