சாராளக்காவின் போர்டுகள்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக ஹெட்போனில் "ஸ்ஸ்ஸ்" என்று இரைச்சல் கேட்டது. ஹெலன் போர்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். இதுவும் சாராளக்கா ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்ததுதான்.

சத்தமில்லாமல் மேசைக்கடியில் வைக்கப் போனாள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"அதைக் குடுங்க" என்றார் பீட்டர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அது ஒரு சின்னக் கம்பெனி. ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களுக்கு மைக் ப்ரீஆம்ப் செய்கிறார்கள். மைக்கில் விழும் மெல்லிய குரலை இரைச்சல் சேராமல் பெரிதாக்கித் தரும் கருவி. பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்கலாம். கருவியின் மூச்சு கேட்கக் கூடாது. அதை ஹெட்போனில் கேட்டுச் சோதிப்பதுதான் ஹெலனின் வேலை.

புது மாடலை டிசைன் செய்தவர் பீட்டர். மூன்று வருட உழைப்பு. இவ்வளவு சின்ன போர்டில் இவ்வளவு சுத்தமான ஒலியா என்று ஸ்டூடியோக்காரர்கள் அசந்து போனார்கள். அந்தச் சின்ன அளவில் அவருக்கு அத்தனை பெருமை. அதில் ஒரு மில்லிமீட்டரைக்கூட யாருக்காகவும் விட்டுத் தந்ததில்லை.

பழுதான போர்டோடு பீட்டர் நேராகச் சாராளக்காவின் மேசைக்குப் போனார். திட்டவில்லை. பக்கத்தில் நின்று, அவள் கையையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாராளக்காவுக்கு வியர்த்துப் போனது.

சாராளக்கா ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள். பதினோரு வருட சர்வீஸ். புருஷன் இல்லை. மகள் மேரி திருவள்ளூரில் நர்சிங் படிக்கிறாள். போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் ஹெலனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"சக்கரையில கண்ணு மங்கிப் போச்சும்மா. கண்ணாடி மாத்தியும் பொடிசு பொடிசா இருக்கிறது தெரிய மாட்டேங்குது. யாராண்டயும் சொல்லிடாத. மேரி படிச்சு முடிக்கிற வரிக்கும் ஓட்டிக்கினு போயிடறேன்."

டீ நேரத்தில் ஹெலன் பீட்டரை மறித்துக்கொண்டாள். பக்கத்தில் போய் நின்றால் யாருக்குத்தான் கை நடுங்காது என்று கேட்டாள். அவர் இதுவரைக்கும் மொத்தம் எத்தனை போர்டு பழுதானது என்று மட்டும் விசாரித்தார்.

"ஒம்பது" என்றாள் ஹெலன் வெறுப்போடு. அவர் அதைக் குறித்துக்கொண்டு போனார். இந்த மனுஷனுக்குச் சர்க்யூட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி அருணாச்சலம் ஹெலனைக் கூப்பிட்டனுப்பினார். அவர் முன்னால் ஒரு ஃபைல் விரிந்திருந்தது. பழுதான போர்டுகளைப் பற்றிப் பீட்டர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்.

சாராளக்கா மேல் புகார் எழுதியிருக்கிறார் என்றுதான் ஹெலன் நினைத்தாள். முதலாளி வாயைத் திறக்குமுன் இவளே ஆரம்பித்துவிட்டாள். சாராளக்கா வேண்டுமென்று செய்யவில்லை, சர்க்கரையில் கண் மங்கிவிட்டது, வேலை போனால் மகள் படிப்பு நின்றுவிடும், தயவு பண்ணுங்கள் என்று மூச்சுவிடாமல் கொட்டினாள்.

அருணாச்சலம் ஃபைலை அவள் பக்கம் தள்ளினார்.

பீட்டரின் கையெழுத்து. "ஒன்பது போர்டுகள் பழுதானதற்குக் காரணம் என் டிசைன். அளவைக் குறைக்கும் ஆசையில் சால்டர் வைக்கும் புள்ளிகளை மிக நெருக்கமாக வைத்துவிட்டேன். யார் செய்தாலும் பிசகும். வேலை செய்தவர் மீது குற்றமில்லை. போர்டைப் பெரிதாக்கி, தாராளமாக இடம் விட்டு, மறுபடி வரைந்து தருகிறேன்."

சால்டர் வைக்கும் மற்ற ஏழு பேரின் மேசையிலிருந்து பழுதான போர்டு ஒன்றுகூட வந்ததில்லை. அது ஹெலனுக்குத் தெரியும். பீட்டருக்கும் தெரியும்.

ஹெலன் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சாராளக்காவின் பெயர்கூட அதில் இல்லை. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொன்னது இவள்தான். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டவளை, காப்பாற்ற வந்த வாயாலேயே காட்டிக் கொடுத்துவிட்டாள்.

"சார்... நான் இப்ப சொன்னது..." என்று இழுத்தாள்.

அருணாச்சலம் ஃபைலை வாங்கி, புது போர்டுக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"என்னம்மா சொன்ன? நான் இதைப் படிச்சிட்டிருந்தேன். எதுவும் காதுல விழல."