மாடி ரூம் ஏசி

மாப்பிள்ளை மிதுன் தலையை நிமிர்த்தவே இல்லை. மடியில் விரித்திருந்த கைக்குட்டையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். உடுமலைப்பேட்டைக் குமாரசாமியின் வீட்டில் கூடியிருந்த பெண்கள், "பையனுக்குக் கூச்சத்தைப் பாருங்க" என்று பூரித்துப்போனார்கள்.

குமாரசாமியின் மகள் சண்முகப்பிரியாவுக்குப் பூரிக்க ஒன்றுமில்லை. காற்றாலைகளைக் கம்ப்யூட்டரில் கண்காணிக்கும் வேலை கோவையில் கிடைத்து நாலே மாதம். கல்யாணத்துக்கு இரண்டு வருடம் போகட்டும் என்று கெஞ்சிப் பார்த்தாள். சத்தியமங்கலத்தில் மாப்பிள்ளை வீட்டு இருபது ஏக்கர் வாழைத்தோட்டம் உனக்காக இரண்டு வருடம் காத்திருக்குமா என்று அப்பா கேட்டுவிட்டார்.

சற்று முன் பையனும் பெண்ணும் தென்னந்தோப்பில் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் உப்புச் சர்க்கரை மாற்றிவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. மணி பத்தேகால்.

அதுவரை சபையை நடத்தியவர் மாப்பிள்ளையின் அப்பா பாலகோபால். மொட்டை மாடியில் சோலார் போட்டதிலிருந்து அவர் தன்னைப் பாதி மின்வாரியமாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுச் செலவு போக மிச்சக் கரண்ட் லைனுக்குப் போகிறதாம். சாயங்காலம் ஊரே கரண்ட் இழுக்கும் நேரத்தில் அவர் போனுக்குத் தகவல் வருமாம். உடனே மோட்டாரை நிறுத்திவிடுவாராம். சத்தியமங்கலத்தில் விளக்கு எரிவதே அதனால்தான் என்பது போலப் பேசினார். வெளியூர் போய்த் திரும்பும்போது, கார் புளியம்பட்டி தாண்டுகையிலேயே வீட்டில் ஏசி ஓட ஆரம்பித்துவிடுமாம். எல்லாம் போன் வழியாக.

"எம்பையனும் இதே மாதிரிதானுங்க. நான் சொன்னா ஓடுவான், நில்லுன்னா நிப்பான்" என்று முடித்தவர், போனை மருமகளாகப் போகிறவளிடம் நீட்டினார். "பாரு கண்ணு. ஊட்டைப் பூட்டிப்போட்டுத்தான் வந்தோம். பிரிட்ஜ் ஒண்ணுதான் ஓடும்."

சண்முகப்பிரியா வாங்கினாள். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"மாடி ரூம் ஏசி ஓடுதுங்களே மாமா?"

பாலகோபால் போனைப் பிடுங்கிப் பார்த்தார். கரண்ட் செலவைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. நீ போட்டாயா என்று மனைவி ராசாத்தாளைக் கேட்டார். அந்த அம்மாள் போனைக் காரிலேயே விட்டு வந்திருந்தார். மிதுன் குனிந்தபடியே இல்லையென்று தலையாட்டினான்.

அப்படியானால் திருடன். அதுவும் ஏசி போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் திருடுகிறவன்.

பக்கத்து வீட்டு அக்பர் அலிக்குப் போன் பறந்தது. அவர் நாலு ஆட்களோடு வீட்டைச் சுற்றி வந்துவிட்டுப் பேசினார். வாசலில் பூட்டு அப்படியே தொங்குகிறது, மாடியில் மட்டும் ஏசிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்றார்.

ராசாத்தாளுக்குத் திருடனைவிடச் சகுனம் பெரிது. காலையில் டிரைவர் ஒற்றைத் தும்மல் போட்டதற்கே காரை அரைமணி நேரம் நிறுத்தி வைத்தவர். இப்போது உப்புத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கை மாத்தற நேரத்துல ஊட்டுக்குள்ள ஆள் பூந்துட்டானுங்க. இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்து வராதுங்க."

குமாரசாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதற்குள் மணி பத்தரை ஆனது. மீதியை ராகுகாலம் பார்த்துக்கொண்டது. பந்தியில் கேசரி ஆறிப்போனது.

வாசலில் பெரியவர்கள் ஒருவரையொருவர் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மிதுன் மட்டும் முன்னதாகவே போய்க் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். மடியில் அதே கைக்குட்டை, அதன் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் போன். சண்முகப்பிரியா ஒரு தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினாள். அவன் இப்போதுதான் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க, இனி அந்த ஏசியை நிறுத்திப்போடுங்க."